சிறுபடையும் பெருஞ்சோறும்

அறம் பேசும் நூல்கள் உழைப்பைப் பற்றி நிரம்பக் கூறுகின்றன. ஓய்வைப் பற்றிக் குறைவாகவே கூறுகின்றன. பொருளை எவ்வழியில் ஈட்டலாம், யாருக்குப் பகிரலாம் என்று கேட்டால் விடை கூற ஆயிரம் பேர் உளர். ஆனால் பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து இல்லம் திரும்பும் ஒருவனுக்கு இரவில் எஞ்சும் இரண்டு மணி நேரம் யாருக்கு உரியது? அவனுக்கா, அவன் குடும்பத்திற்கா? பயன் ஏதும் தராத, மனத்திற்கு மட்டும் இன்பம் தருகின்ற ஒரு செயலை அந்நேரத்தில் அவன் செய்வது உரிமையா, களவா? கேட்பதற்குச் சிறிய வினாவே. ஆயினும் இல்லறத்தில் இருப்போர் பலரும் வாய்விட்டுக் கேளாமல் உள்ளத்துள் சுமந்து திரியும் வினா இது. பொதுப்படப் பேசுவதை விட என் குற்றத்தையே எடுத்துக்காட்டாக வைத்து இதனை ஆராய்வது நேர்மையாகும் என்று கருதுகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும். மனைவி, எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், நான்காம் வகுப்பில் பயிலும் மகன், கண்பார்வை மங்கிய தாயார் ஆகியோர் அடங்கியது என் குடும்பம். இவர்களுக்கிடையே எனக்கு ஒரு பித்து உண்டு. கட்டைவிரல் உயரமே உள்ள படைவீரர்களைச் செய்து, வண்ணம் தீட்டி, பலகையின்மேல் அணிவகுத்து நிறுத்துவதே அது.

சென்னபட்டணத்துக் கடைசல் மரக்குச்சிகள் அவ்வீரர்களின் உடலாகும். பிசின்மாவைப் பிசைந்து கைகால் ஒட்டுவேன். குண்டூசியைத் தட்டி வாளாக்குவேன். வெள்ளை அடிவண்ணம் பூசி, அது காய்ந்தபின் மெல்லிய தூரிகையால் முகம், தலைப்பாகை, சட்டை, இடைவார் என்று ஒவ்வொன்றாகத் தீட்டுவேன். ஒரு வீரன் முடிய நான்கு இரவுகள் ஆகும். எத்தனை வீரர், எந்தப் பிரிவு, எந்த நிறம் என்று எழுதிவைக்கத் தனியே ஒரு கணக்கேடும் உண்டு. அலுவலகக் கணக்கு அலுத்துப்போனவன் வீட்டிலும் கணக்கு எழுதுகிறானே என்று நண்பர்கள் நகைப்பர்.

விளையாட்டும் போரும்

சிறியதைச் செய்து மகிழ்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேர் வருகிறது. உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியை ஓட்ட மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறித்துக் கிடந்தது என்று புலவர் காட்டும் காட்சியை மறக்க இயலுமா? ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவாம். சதுரங்கமோ யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகைக்குள் அடக்கி, இந்நாட்டிலிருந்து உலகிற்குச் சென்ற விளையாட்டு.

மேலை நாட்டிலோ இவ்விளையாட்டு வேறொரு வழியில் வளர்ந்தது. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்டு அமைத்த போர் விளையாட்டை 1824ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைமைப் படைத்துறை ஏற்றுக்கொண்டது. அதிகாரிகள் மேசைமேல் போர் பழகினர். அது பொழுதுபோக்கன்று, மெய்ப்போருக்கான ஒத்திகை. இதற்கு நேர்மாறான நோக்குடன் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு போர்கள்' என்னும் நூலை வெளியிட்டார். ஈயப் பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி, மரத்துண்டை எறியும் சிறு பீரங்கியால் சுட்டு விளையாடும் முறையை அந்நூல் விவரிக்கிறது. இதனை விளையாடிப் பார்த்தவனுக்கு மெய்யான போர் எத்துணைப் பெருஞ்செலவான, எத்துணைத் தடுமாற்றம் நிறைந்த செயல் என்பது விளங்கும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பொம்மை வீரர்கள் பெட்டிக்குள் இருந்தனர். மெய்யான பிள்ளைகள் இலட்சக்கணக்கில் மண்ணுக்குள் சென்றனர்.

ஆகவே, போரை விளையாட்டாக்குவது தீதா என்ற கேள்விக்கு விளையாட்டு மட்டும் விடை தந்துவிடாது. ஒரே பலகை ஒருவனைக் கொலைக்குப் பழக்கவும் கூடும். மற்றொருவனைக் கொலையினின்று விலக்கவும் கூடும். பலகையின்மேல் நாம் எதனை வைக்கிறோம், எதனை வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு தோன்றுகிறது. இதனை எனக்குக் கற்பித்தது நூலன்று. என் வீட்டுச் சமையலறை.

பெங்களூர்க் கோட்டை

நான் செய்யத் திட்டமிட்டது 1791ஆம் ஆண்டின் பெங்களூர் முற்றுகை. மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் பிரபு சென்னை, வங்காளச் சிப்பாய்களோடும் ஐரோப்பியப் படையோடும் வேலூர் வழியாக மேட்டுநிலம் ஏறி, கோலாரைக் கடந்து மார்ச்சு மாதத் தொடக்கத்தில் இந்நகரை அடைந்தார். மார்ச்சு 7ஆம் நாள் பேட்டை வீழ்ந்தது. 21ஆம் நாள் இரவு நிலவொளியில் கோட்டை தாக்கப்பட்டது. கோட்டைத் தலைவர் பகதூர்கான் போரிட்டு மடிந்தார். கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்கு அருகில் இன்றும் எஞ்சியுள்ள தில்லி வாயிலைக் காண்போர், அங்குக் காய்கறி வண்டிகளின் இரைச்சலுக்கிடையே இத்தகைய ஓர் இரவு நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது.

மைசூர்க் காலாட்படைக்குப் புலிவரிக் குறியிட்ட ஊதாச் சட்டை. கும்பினிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளைக் குறுங்காற்சட்டை. மூங்கிற் கழியில் இரும்புக் குழலைக் கட்டி எறியும் திப்புவின் ஏவுகணை வீரர்கள் மறுபுறம். புலிவரியைச் சிறு சட்டையின்மேல் தீட்டுவதற்கு மூச்சை அடக்க வேண்டும். படைகளை முழு எண்ணிக்கையில் செய்ய இயலாது ஆகையால், 20 பேருக்கு ஒரு பொம்மை என்பது இவ்விளையாட்டில் பலர் கைக்கொள்ளும் வழக்கம். யானும் அவ்வாறே வகுத்துக்கொண்டேன். எஞ்சிய 19 பேரின் முகம் பற்றி அப்போது நான் எண்ணியதில்லை. அலுவலகத்தில் கோப்பு எண்ணைக் கொண்டே மனிதரை அறிந்து பழகியவனுக்கு அது உறுத்தவும் இல்லை.

ஓர் இரவு

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பிப்பிரவரி இரவு. மகளுக்கு மறுநாள் கணக்குத் தேர்வு. நான் ஒரு குதிரையின் பிடரி மயிரைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, இந்தக் கணக்கு வரவில்லை" என்று மகள் வந்தாள். "இந்தக் குதிரை முடியட்டும் அம்மா" என்றேன். சற்று நேரம் கழித்து மீண்டும் வந்தாள். "வண்ணம் காய்ந்துவிடும், ஐந்து நிமிடம்" என்றேன். மூன்றாம் முறை அவள் வரவில்லை. அதனை நான் கவனிக்கவும் இல்லை.

குதிரை முடிந்து எழுந்தபோது மணி பதினொன்றரை. மகள் குறிப்பேட்டின்மேல் தலைவைத்து உறங்கிப் போயிருந்தாள். விடை எழுதாத கணக்கின் கீழே பென்சிலால் ஒரு சிறு குதிரை வரைந்திருந்தாள். தாயாருக்கு இரவு மருந்தை என் மனைவி கொடுத்திருந்தாள். சமையலறையில் பாத்திரங்களைக் கழுவி முடித்து, மறுநாளைக்கு மாவு எடுத்துவைத்து, மகனின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். குற்ற உணர்வை மறைக்க விரும்பி, முடிந்த குதிரையை அவளிடம் காட்டினேன். அவள் எழுந்து வந்து பலகையைப் பார்த்தாள். அறுபது வீரர்கள், ஆறு பீரங்கிகள், மண்ணால் செய்த ஒரு கொத்தளம் ஆகியன இருந்தன. சினம் ஏதும் இன்றி, அறியும் விருப்போடுதான் கேட்டாள்: "இத்தனை பேர் நிற்கிறார்களே, இவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?"

என்னிடம் விடை இல்லை. கணக்கேட்டைப் புரட்டினேன். வாள் எத்தனை, தலைப்பாகை எத்தனை என்று இருந்தது. மாடு ஒன்றுகூட இல்லை. சமைப்பவர் ஒருவர்கூட இல்லை.

சோற்றின் வரலாறு

அதன்பின் அப்போரின் வரலாற்றை மறுபடியும் படித்தேன். பெங்களூரைப் பிடித்த காரன்வாலிஸ் அவ்வாண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். மே 15ஆம் நாள் அரக்கெரேயில் நடந்த போரில் வென்றார். வென்றும் தலைநகரை முற்றுகையிட அவரால் இயலவில்லை. காரணம் யாது? மாடுகள் மடிந்தன. தீவனம் இல்லை, நாடு முன்னரே வெறுமையாக்கப்பட்டிருந்தது, மழையும் தொடங்கிற்று. இழுக்க மாடின்றிக் கோட்டை உடைக்கும் பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். வீரத்தில் தோற்றுப் பின்வாங்கிய படையன்று அது. சோற்றில் தோற்றுப் பின்வாங்கிய படை. மறு ஆண்டு 1792 பிப்பிரவரியில் மீண்டும் சென்றபோது, பொதிமாடுகளில் தானியம் கொணரும் வணசாரிகள் உள்ளிட்ட ஏற்பாடுகள் முன்னதாகவே செய்யப்பட்டிருந்தன. அம்முறை போர் உடன்படிக்கையில் முடிந்தது.

மைசூர் அரசோ இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தது. பீரங்கியும் மூட்டையும் இழுப்பதற்கென்றே மாட்டினம் வளர்த்த துறைக்குத் திப்பு 'அமிர்த மகால்' என்று பெயரிட்டான். அவ்வினம் இன்றும் கருநாடகத்தில் உள்ளது. அக்காலப் படைகளில் போரிடுவோரை விட உடன்செல்வோரே பன்மடங்கினர். மாட்டுக்காரர், சமையற்காரர், தண்ணீர் சுமப்போர், புல்லறுப்போர், வீரர்தம் மனைவியர், பிள்ளைகள் என ஒரு நகரமே படையின் பின்னால் நடந்தது. அதிகாரிகளின் பெயர் நூலில் இருக்கிறது. வீரர்கள் எண்ணிக்கையாக இருக்கின்றனர். சோறு சமைத்தவள் எண்ணிக்கையாகவும் இல்லை.

நம் முன்னோர் இதனை மறந்தாரில்லை. தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளுள் 'பெருஞ்சோற்று நிலை'யையும் ஒன்றாக வைத்திருக்கிறது. முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய சேரனுக்குப் பெயரே பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன். பாரதப் போரில் இரு படைக்கும் சோறளித்தவன் என்று அவன் புகழப்படுகிறான். இச்செய்தியின் வரலாற்றுத் தன்மை பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது நமக்கு இங்கு வேண்டுவதன்று. பதினெட்டு நாட் பெரும்போரில் தம் மன்னனுக்கு ஓர் இடம் தேடிய தமிழ்ப் புலவர், அவனைத் தேரில் ஏற்றாமல் உலைக்களத்தருகே நிறுத்தினார் என்பதே நாம் எண்ணத்தக்கது.

ஓய்வு யாருடைய உழைப்பு?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இரவின் அந்த இரண்டு மணி நேரம் என் உரிமை என்றே நான் எண்ணியிருந்தேன். பகலில் உழைத்தேன், ஆகவே இரவு என்னுடையது என்பது என் கணக்கு. அக்கணக்கில் ஒரு பிழை இருந்தது. என் மனைவியும் பகலெல்லாம் உழைத்தாள். அவளுக்கு அவ்விரண்டு மணி நேரம் வரவில்லை. அவளுடைய நேரம்தான் என் நேரமாக மாறி என்னிடம் வந்திருந்தது. நான் தூரிகை பிடித்திருந்த ஒவ்வொரு நிமிடத்திலும் அவள் ஒரு பாத்திரத்தையோ, ஒரு பொத்தானையோ, ஒரு மருந்துப் புட்டியையோ பிடித்திருந்தாள். ஓய்வு வானத்திலிருந்து பொழிவதன்று. அது ஒருவர் கையால் சமைக்கப்பட்டு மற்றொருவருக்குப் பரிமாறப்படுவது.

அவள் ஒரு காலத்தில் நம் சங்க நூலகத்திலிருந்து வாரம் இரண்டு நாவல்கள் எடுத்துப் படித்தவள். உறுப்பினர் அட்டையை அன்றிரவு தேடி எடுத்துப் பார்த்தேன். அவள் கடைசியாக நூல் எடுத்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நான் என் சிறுபடையைத் தொடங்கியும் ஏறத்தாழ அவ்வளவு காலமே ஆகியிருந்தது.

இதற்கு விடை, விளையாட்டைத் துறப்பதுதானா? முதலில் நானும் அவ்வாறே எண்ணிப் பொம்மைகளைப் பெட்டியில் பூட்டினேன். ஒரு மாதம் சென்றது. அம்மாதத்தில் நான் நல்ல தந்தையாக மாறிவிடவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும் எரிச்சல் கொண்டும் திரிந்தேன். "எடுத்து வையுங்கள்; சும்மா உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு அதுவே மேல்" என்று மனைவிதான் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். துறவு சில வேளைகளில் அறம்போலத் தோன்றும் மற்றொரு தன்னலம் என்பதை அப்போது உணர்ந்தேன். துறந்துவிட்டேன் என்ற பெருமையும் எனக்கே. அதன் வெம்மையைத் தாங்குவதோ வீட்டார்.

ஆதலின் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். இரவுப் பாத்திரம் என் பொறுப்பு. தாயாரின் மருந்தும் என் பொறுப்பு. அவை முடிந்தபின் செவ்வாயும் சனியும் என் தூரிகைக்கு. வியாழனும் ஞாயிறும் அவள் நூலுக்கு. அவளுடைய நாளில் அடுப்படியிலிருந்து எந்த ஐயமும் அவளிடம் போகலாகாது. உப்பு இருக்குமிடத்தை நானே தேடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் ஐயம் கேட்டு வந்தால் வண்ணம் காய்ந்தாலும் தூரிகையைக் கீழே வைப்பது என்பதும் ஒரு முறை. இவற்றை எப்போதும் தவறாமல் காத்தேன் என்று கூறினால் பொய்யாகும். ஆயினும் தவறும்போது தவறு என்று தெரிகிறது. முன்பு அதுவும் தெரிந்ததில்லை.

இதிலிருந்து நான் கொண்ட முடிபு இதுவே. பயனற்ற இன்பம் மனிதனுக்கு உரியதே. அதனை மறுப்பது வாழ்வை வெறும் அலுவலாக்கிவிடும். ஆயின், அந்த இன்பத்திற்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் துணிபவனுக்கே அது முழுமையாக உரியதாகும். கேளாதவன் நுகர்வது பிறர் பங்கையே.

நாம் வந்த வழி

இவ்வினா நம்போன்ற குடிபெயர்ந்தோர்க்கு மேலும் நெருங்கியது. 1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபின்னரே அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுள் சிப்பாய்கள் இருந்தனர். 'தம்பிகள்' என்று இன்றும் அழைக்கப்படும் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் மரபும் இங்கேயே வேரூன்றியது. ஆனால் சிப்பாய்களை விட மிகுதியாக வந்தோர் கொத்தர், வண்ணார், சமையற்காரர், தையற்காரர், சில்லறை வணிகர் ஆகியோரே. என் பாட்டனாரின் தந்தை ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியோடு வந்தவர் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தண்டிலிருந்த குதிரைகளுக்குக் கொள்ளும் வைக்கோலும் விற்றுப் பிழைத்தவராம் அவர். அவர்தம் கொள்ளுப்பேரன் குதிரைப்படை செய்து, பிடரி மயிரை இழை இழையாகத் தீட்டி, அக்குதிரை தின்னும் கொள்ளை மறந்துபோனான். வேறு யாரையும் அன்று. தன்னையே படத்திலிருந்து நீக்கிவிட்டான்.

இப்போது என் பலகையில் மாடுகள் பன்னிரண்டு உள்ளன. அவற்றுள் ஐந்திற்கு வண்ணம் தீட்டியவள் என் மகள். மாட்டின் கண்ணை அவள் என்னினும் நன்றாக எழுதுகிறாள். மகன் பொதிமூட்டைகளுக்குத் துணி வெட்டித் தருகிறான். இரு படைகளுக்கும் பின்னால் மூன்று அடுப்புகள் எரிகின்றன. ஓர் அடுப்பருகே அகப்பையோடு ஒரு பெண் நிற்கிறாள். அவளை 20 பேருக்கு ஒருத்தி என்று கணக்கேட்டில் எழுதத் தொடங்கிய நான் கையை நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைத் தீட்ட ஆறு இரவுகள் ஆயின.

முற்றுகை இன்னும் முடியவில்லை. விரைவில் முடியும் என்ற நம்பிக்கையும் இல்லை. வீட்டிற்கு வரும் உறவினர் பலகையைப் பார்த்து, "யார் வென்றார்கள்?" என்று கேட்பர். அவ்விடையை வரலாற்று நூல் கூறும் என்று நான் ஒதுங்கிக்கொள்வேன். என் தாயாருக்குப் பொம்மைகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஒருநாள் அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து அந்த அகப்பையில் நின்றார். "இது யார்?" என்று கேட்டார். சொன்னேன். "எல்லாருக்கும் போட்டுவிட்டு இவள் எப்போது சாப்பிடுவாளாம்?" என்றார்.

அன்று வியாழக்கிழமை. அடுத்த அறையில் என் மனைவி சங்க நூலகத்து நாவலின் பக்கத்தைப் புரட்டும் ஓசை கேட்டது. நான் எழுந்து பாத்திரம் கழுவச் சென்றேன்.